ஏசிக்கு நாபா, டச்சா? புது வண்டியும் புது வீடும் ஒரே நேரத்தில் வருகிறது, யோசனை சொல்லுங்கள்

காவிரிக்கரை

ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டி முடியும் தறுவாயில் இருக்கிறோம். பழைய வண்டியையும் மாற்ற வேண்டிய நேரம். இரண்டிலும் ஒரே குழப்பம் வந்து நிற்பதால் சேர்த்தே கேட்டுவிடுகிறேன்.

முதலில் வண்டி. பார்த்து வைத்திருக்கும் மாடலில் நடு வேரியன்ட்டில் ஏசிக்குத் திருகுகிற நாப் மூன்று இருக்கிறது. மேல் வேரியன்ட்டில் நாப் கிடையாது. பளபளவென்று கறுப்பாக ஒரு பட்டை, தொட்டால் வேலை செய்யும். மிச்சம் எல்லாம் பெரிய திரைக்குள் போய்விட்டது. "எல்லாரும் டாப் மாடல்தான் சார் எடுக்கறாங்க" என்கிறார் ஷோரூம் தம்பி. ஓட்டிப் பார்த்தபோது காவிரிப் பாலத்தில் ஃபேனைக் குறைக்கலாம் என்று குனிந்தேன், அதற்குள் முன்னால் டவுன் பஸ் நின்றுவிட்டது. அடித்த பிரேக்கில் பின்சீட்டில் இருந்த என் மனைவி அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாள். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. மேல் வேரியன்ட்டில்தான் கூடுதல் ஏர்பேக் முதல் பின் கேமரா வரை எல்லாம் இருக்கிறது.

அடுத்து வீடு. இன்டீரியர் வேலை செய்பவர் சுவர் ஸ்விட்ச், சிம்னி, இன்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் என்று எல்லாவற்றையும் டச்சாகவே போடலாம் என்கிறார். சமையலறை இன்னும் அம்மா ஆட்சிதான். வயது 74. மிக்ஸியை ஈரக்கையோடு இடது பக்கம் ஒரு திருகு திருகி, சத்தத்தைக் கேட்டே சட்னி பதம் சொல்பவர். அவரிடம் போய்க் கண்ணாடியைத் தடவச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எதற்கு டச் பரவாயில்லை, எதற்கு வேண்டவே வேண்டாம்? பயன்படுத்துபவர்களும் ரிப்பேர் பார்ப்பவர்களும் சொன்னால் நல்லது.

---

மலைப்பாதை

நாமக்கல்லில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். கொல்லிமலை எனக்கு வீட்டு வாசல் மாதிரி. 70 கொண்டை ஊசி வளைவு. மழைக்காலத்தில் ஏறினால் பாதி மலையிலேயே முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்துவிடும். அப்போது காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பணும், ஏசியைப் போடணும், ஃபேனைக் கூட்டணும். நாப் வண்டியில் இது மூன்றையும் கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். கை தானாகப் போய் உட்காரும்.

சமீபத்தில் ஒரு முதலாளியின் புது வண்டியை எடுத்துப் போனேன். பெயர் வேண்டாம். ஆவி படிய ஆரம்பித்தது. திரையில் மேப் ஓடுகிறது. மேப்பைத் தள்ளி, ஏசி பக்கத்தைத் திறந்து, அதில் கண்ணாடிப் படம் போட்ட குறி எது என்று தேடுவதற்குள் எதிர் வளைவில் பஸ் ஹாரன் கேட்கிறது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் போட்டேன். "இதுக்கா நிறுத்தினே" என்றார் முதலாளி. ஆமாங்க, இதுக்குத்தான்.

இன்னொன்று. நம்ம ஊர் ரோட்டில் கை அந்தரத்தில் நிற்காது. நாப் என்றால் பிடித்துக்கொள்ளலாம். திரையில் விரலை நீட்டும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஏசிக்குப் பதில் பாட்டு மாறும்.

---

ஓஎம்ஆர்வாசி

இங்கே எல்லாரும் டச்சைத் திட்டப் போகிறார்கள் என்று தெரியும். ஒரு ஆளாவது எதிர்ப்பக்கம் பேசட்டும்.

மலைப்பாதை அண்ணா சொன்ன கஷ்டம் நிஜம்தான். ஆனால் முன்கண்ணாடி ஆவிக்கு மட்டும் தனிப் பட்டன் வைத்த டச் வண்டிகளும் இருக்கின்றன. வாங்கும்போது அதைப் பார்த்து வாங்கலாமே. என் வண்டியில் ஏசியை ஆட்டோவில் 24 வைத்துவிட்டால் அப்புறம் அதைத் தொடுகிற வேலையே இல்லை. மேப் பெரிதாகத் தெரிகிறது. அப்டேட் வந்தால் மெனு மாறுகிறது. பழைய வண்டிகளில் ஸ்டியரிங்கைச் சுற்றி இருந்த பட்டன் கூட்டத்தை யாரும் மறந்துவிட வேண்டாம். எங்கள் அப்பா வண்டியில் பாதிப் பட்டன் எதற்கென்று விற்கிற வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அடுப்பில் டச்சுக்கு என் ஓட்டு. ஒரே துடைப்பில் சுத்தம். கேஸ் அடுப்பு நாபைக் கழற்றிப் பின்னால் பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள்.

---

ஸ்பேனர்

காவிரிக்கரை சார், ஈரோட்டில் இன்டக்‌ஷன், மிக்ஸி, வாஷிங் மெஷின் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ரெண்டு வகையும் டேபிளுக்கு வருது. கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்கிறேன், அதை வைத்து நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

பட்டன் இன்டக்‌ஷனில் மேலே படம் அச்சடித்த ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் இருக்கும். அதற்கு அடியில் கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிய சதுர ஸ்விட்ச்கள். அமுக்கினால் டிக் என்று ஒரு அசைவு தெரியும். இதில் முதலில் போவது பெரும்பாலும் கூட்டுகிற பட்டன். நகம் பட்டுப் பட்டு ஸ்டிக்கர் அந்த இடத்தில்தான் கிழியும். கிழிந்த இடம் வழியாகத் தண்ணீர் இறங்கும், ஸ்விட்ச் துருப்பிடிக்கும். ஸ்விட்ச் விலை சில ரூபாய்தான். கழற்றி மாற்றி, மேலே புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் இன்னும் சில வருஷம் ஓடும்.

டச் இன்டக்‌ஷனைத் திறந்தால் கண்ணாடிக்கு அடியில் குட்டிக் குட்டி ஸ்பிரிங் நின்றுகொண்டிருக்கும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டிய அளவு. அதன் தலை கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். நாம் மேலே விரல் வைத்தால் அந்த இடத்தின் மின்தேக்கம், அதாவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கிற அளவு, துளி மாறும். சிப் அந்த மாற்றத்தை எண்ணிப் பார்த்து "விரல் வந்துவிட்டது" என்று முடிவு செய்யும். அசைகிற பாகம் இல்லை, தேய்மானம் இல்லை. அதுவரைக்கும் நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்தச் சிப்புக்கு விரலும் தெரியாது, சாம்பாரும் தெரியாது. மாற்றம் மட்டும்தான் தெரியும். பால் பொங்கி வழிந்து பட்டன் பக்கம் பரவினால் நாலு விரல் ஒன்றாக வைத்த மாதிரி அது நினைக்கும். நல்ல மாடலாக இருந்தால் பீப் அடித்துவிட்டுத் தானாக அணைந்துவிடும். மட்டமானது திகைத்து நிற்கும், அணைக்கலாம் என்றால் ஈரத்தில் அணைக்கவும் முடியாது. பிளக் ஸ்விட்சைத் தேடி ஓடணும். இந்த ஒரு காரணத்துக்காகவே எந்த டச் அடுப்பாக இருந்தாலும் சுவர் ஸ்விட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கணும், அடுப்புக்குப் பின்னால் ஆவியைத் தாண்டிக் கை நீட்டுகிற இடத்தில் இருக்கக் கூடாது. வயரிங் முடிவதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, வயசானவர்கள் விரல். தோல் வறண்டு தடித்துப் போனால் டச் சரியாக எடுக்காது. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் நிற்கிறார்களே, அதே அம்மாக்கள்தான் "இந்த அடுப்பு என் கைக்கு மட்டும் வேலை செய்ய மாட்டேங்குது" என்று என்னிடமும் வருவார்கள். அங்கே காரணம் வேறு, கஷ்டம் ஒன்று. நான் தொட்டால் எரியும், அவங்க தொட்டால் எரியாது. மகனும் மருமகளும் சிரிப்பார்கள். மெஷினில் கோளாறு எதுவும் இருக்காது.

ஓஎம்ஆர்வாசி தம்பி நாப் அழுக்கைச் சொன்னது சரிதான். கேஸ் அடுப்பில் நாபுக்குப் பின்னால் எண்ணெய் இறங்கி, உள்ளே இருக்கிற கிரீஸ் காய்ந்துபோய், ரெண்டு கையால் திருகுகிற நிலைமைக்கு வந்த அடுப்பு எத்தனையோ பார்த்திருக்கிறேன். அதைக் கழற்றித் துடைத்துப் புதுக் கிரீஸ் போட்டால் சரியாகிவிடும். செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் நாபிலும் ஒரு குறை உண்டு. அது ஸ்பிரிங் முறுக்கின டைமர். கரண்ட் போனாலும் டைமர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் திரும்பி வரும்போது துணி துவைக்காமலே நேரம் முடிந்திருக்கும். நாப் என்றாலே தெய்வம் என்று நான் சொல்லவில்லை.

பிறகு கம்பெனிக்காரன் ஏன் டச்சுக்குப் போகிறான்? பட்டன் என்றால் உடம்பில் ஓட்டை போடணும், ஓட்டைக்கு ரப்பர், ரப்பருக்கு அச்சு. டச் என்றால் ஓட்டையில்லாத ஒரே கண்ணாடி, கீழே ஒரே போர்டு. அடுத்த மாடலுக்குக் கண்ணாடியில் வேறு படம் அச்சடித்தால் முடிந்தது. பாகம் குறையுது, விலை மட்டும் கூடுது. ஷோரூமில் விளக்கு வெளிச்சத்தில் அழகாகத் தெரிவதும் உண்மைதான்.

நான் வாங்க வருகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அதைத் தொடுகிற நேரத்தில் உங்கள் கண் எங்கே இருக்கும், கை எப்படி இருக்கும்? வீட்டு ஏசியில் டெம்பரேச்சர் வைக்கும்போது கண் சும்மாதான் இருக்கு. வாஷிங் மெஷினில் துணியைப் போட்டு நின்று பார்த்து ஆரம்பிக்கிறோம், அவசரம் இல்லை. அங்கெல்லாம் டச் இருந்துவிட்டுப் போகட்டும். பால் பொங்கும்போது கண் பாத்திரத்தில், கை ஈரம். மிக்ஸியில் பாதி வேலையைக் காது பார்க்குது. வண்டியில் கண் ரோட்டில். அந்த இடங்களில் திருகுகிற, அமுக்குகிற சாமான்தான். சிம்னியும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆவியும் எண்ணெயும் நேராக மேலே போய் அந்த டச் பட்டையில்தான் படியுது. பட்டன் வைத்த சிம்னியே கேட்டு வாங்குங்கள், கடையில் மூலையில் வைத்திருப்பான்.

---

ஸ்டுட்கார்ட் தமிழன்

ஸ்பேனர் அண்ணா சொன்ன "கண் எங்கே" என்பதை ஸ்வீடனில் அளந்தே பார்த்துவிட்டார்கள். 2022-இல் வி பிலேகாரே என்ற கார் பத்திரிகை புது வண்டிகள் பதினொன்றையும் 2005-ஆம் வருஷத்து வால்வோ வி70 ஒன்றையும் ஒரு விமான ஓடுதளத்துக்குக் கொண்டுபோனது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே சீட் ஹீட்டரைப் போடுவது, ரேடியோவில் ஒரு நிலையம் வைப்பது, டிரிப் மீட்டரை அழிப்பது, டாஷ்போர்டு வெளிச்சத்தைக் குறைப்பது மாதிரி சின்ன வேலைகள். ஓட்டுபவருக்கு வண்டியைப் பழகிக்கொள்ளவும் நேரம் கொடுத்தார்கள். பழைய வால்வோவில் எல்லாம் 10 வினாடியில் முடிந்தது, வண்டி ஓடியது 306 மீட்டர். கடைசியாக வந்த எம்ஜி மார்வெல் ஆர், அதே வேலைகளுக்கு 1,372 மீட்டர் ஓடியது. ஒரு கிலோமீட்டருக்கும் மேலே, நெடுஞ்சாலை வேகத்தில்! திரை வைத்த எல்லா வண்டியும் மோசம் என்றும் இல்லை. டேசியா சாண்டெரோ மாதிரி எளிமையான வண்டி நன்றாகவே செய்தது.

ஜெர்மனியில் நான் இருக்கிற மாநிலத்திலேயே ஒரு வழக்கு நடந்தது. பெருமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப் போய், சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். 2020-இல் கார்ல்ஸ்ரூ மேல் நீதிமன்றம், வண்டியோடு பொருத்தி வந்த திரையாக இருந்தாலும் ஓட்டும்போது அதை நோண்டுவது போனை நோண்டுவதற்கான சட்டத்துக்குள்தான் வரும் என்று சொல்லிவிட்டது. 200 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை. வைப்பரைத் திரைக்குள் வைத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பில் அபராதம் எதுவும் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.

இப்போது காற்று திரும்புகிறது. வண்டிகளுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு இவற்றுக்கு நிஜப் பட்டனோ தண்டோ இல்லாத வண்டிக்கு ஐந்து நட்சத்திரம் கிடைப்பதைக் கடினமாக்கிவிட்டது. சட்டம் இல்லைதான், ஆனால் நட்சத்திரம் போனால் விற்பனை போகும். ஃபோக்ஸ்வாகன் வால்யூம், இரு பக்கச் சூடு, ஃபேன், ஹசார்டு ஆகியவற்றுக்குப் பட்டனைத் திரும்பக் கொண்டுவருகிறோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அவர்களுடைய கோல்ஃப் எட்டாம் தலைமுறை வண்டி வந்த புதிதில், சூட்டையும் வால்யூமையும் மாற்றும் டச் பட்டைக்கு ராத்திரியில் விளக்குகூட இருக்கவில்லை. இவ்வளவு பெரிய கம்பெனியே இதைச் செய்தது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்!

---

முத்துநகர்

கப்பல் வேலையில் இருக்கிறேன். எங்கள் பக்கத்துச் செய்தி ஒன்று. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கேன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாட்டை மேசைக்கு மேசை மாற்றுவதும் எஞ்சின் வேகமும் டச் திரையில். கட்டுப்பாடு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாறியதை நின்றவர்கள் கவனிக்கவில்லை. சுக்கான் செத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். வேகத்தைக் குறைக்கப் போனால் இரண்டு பக்கத்து எஞ்சினும் சேர்ந்து குறையவில்லை. பயிற்சிக் குறை, தூக்கக் குறை என்று வேறு காரணங்களும் விசாரணையில் வந்தன. 2019-இல் அவர்களது கடற்படையே இந்த வகைக் கப்பல்களில் கையால் தள்ளுகிற பழைய மாதிரி த்ராட்டில் கைப்பிடிகளைத் திரும்ப வைக்கப் போகிறோம் என்று அறிவித்தது. கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அறையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், திரையில் இருப்பது அதன் முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான்.

---

மதுரை வாத்தியார்

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் துணையோடு எழுதுகிறேன்.

டச்சில் பலர் கவனிக்காத ஒன்று: நாங்கள் பார்ப்பதே தடவித்தான். பட்டன் என்றால் தடவித் தேடிக் கண்டுபிடித்து, பிறகு அமுக்குவோம். டச்சில் தேடுவதும் அமுக்குவதும் ஒன்றாகிவிடுகிறது. எங்கே இருக்கிறது என்று விரலை ஓட்டுவதற்குள் மெஷின் நாலு கட்டளையை வாங்கிக்கொண்டு ஏதோ ஒன்றை ஆரம்பித்துவிடும்.

ஆனால் "நாப் இருக்கு, எடுத்துக்கோங்க" என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இப்போது வரும் பல வாஷிங் மெஷின் நாபுக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை, சுற்றிக்கொண்டே போகும். எந்த இடத்தில் நிற்கிறது என்பது திரையில்தான் தெரியும். பழைய மிக்ஸி நாப் மாதிரி நடுவில் நிற்கணும், 1, 2, 3 என்று ஒவ்வொன்றிலும் டக்கென்று விழணும், கடைசியில் முட்டணும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பாருங்கள், எண்ணிக்கை தெரிந்தால் வாங்குங்கள்.

எங்கள் வீட்டு மெஷின் டச்தான், வேறு வழி இருக்கவில்லை. மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு கைகொடுத்தது. கல் வைத்த பொட்டை டச் இருக்கும் இடத்தின் மேலே ஒட்டக் கூடாது, அதற்குக் கீழே ஒரு விரல் தள்ளி ஒட்டணும். பொட்டைத் தொட்டு, அங்கிருந்து விரலை மேலே தூக்கி வைத்தால் சரியாக விழும். தாய்க்கு இரவு நேரத்தில் பார்வை மங்கல் என்றால் இது அவருக்கும் ஆகும்.

---

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, பொட்டு யோசனையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கண்ணு தெரியறவளுக்கும் அதுதான் வேணும்" என்றார்.

இதுவரை முடிவானது: சமையலறையில் மிக்ஸி, கேஸ் அடுப்பு, சிம்னி மூன்றும் திருகுவதும் அமுக்குவதும்தான். இன்டக்‌ஷன் பட்டன் மாடல். வாஷிங் மெஷினைக் கண்ணை மூடிக்கொண்டு திருகிப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். வண்டியில் மேல் வேரியன்ட்டை விட மனசில்லை, ஆனால் ஆவிக்குத் தனிப் பட்டன் இருக்கிறதா, வால்யூம் ஸ்டியரிங்கில் இருக்கிறதா என்று ஷோரூமில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன். இரண்டும் இல்லை என்றால் நடு வேரியன்ட்தான், ஷோரூம் தம்பி என்ன சொன்னாலும்.

மிச்சம் இருப்பது சுவர் ஸ்விட்ச். எலக்ட்ரீஷியன் டச் போர்டு, ரிமோட் ஃபேன் என்று இரண்டையும் ஒரு தொகுப்பாகச் சொல்கிறார். ஸ்பேனர் அண்ணா?

---

ஸ்பேனர்

ஃபேன் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்குங்க. பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன் 28லிருந்து 35 வாட்டுக்குள் ஓடும், பழைய ஃபேன் 75 வாட் தின்னும். நம்ம ஊரில் வருஷம் பூரா ஃபேன் ஓடுது, கரண்ட் பில்லில் தெரியும். ஆனால் சாதா ரெகுலேட்டரை அதோடு போட முடியாது, அதனால்தான் ரிமோட் தருகிறார்கள். ரிமோட் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பேரன் எடுத்துப் போவான், இல்லை மெத்தைக்கு அடியில் கிடக்கும், பாட்டி ராத்திரி ரெண்டு மணிக்குக் குளிரில் எழுந்து உட்கார்ந்திருப்பாங்க. சுவர் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வேகம் மாறுகிற மாடலும், பிஎல்டிசிக்கென்றே சுவரில் திருகுகிற கட்டுப்பாடு தருகிற மாடலும் உண்டு. அம்மா அறைக்கு அது ரெண்டில் ஒன்று. மற்ற அறைகளுக்கு உங்கள் இஷ்டம்.

டச் ஸ்விட்ச் போர்டுக்கு உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கு. யாரும் தொடாமல் இருந்தாலும் அதற்கு எப்போதும் கொஞ்சம் கரண்ட் வேணும், அதனால் பெரும்பாலான மாடலுக்குப் பெட்டிக்கு நியூட்ரல் வயரும், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரும், வந்தாகணும். சாதா ஸ்விட்சுக்கு அது தேவையில்லை என்று பல பேர் இழுப்பதே இல்லை. கரண்ட் போய் வந்தால் விளக்கு பழைய நிலைக்கு வருமா, அணைந்தே இருக்குமா என்பதும் மாடலுக்கு மாடல் மாறும், டெமோவில் மெயினை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சாதா ஸ்விட்ச் போனால் முக்குக் கடையில் வாங்கி அன்றைக்கே மாட்டிடலாம். டச்சில் ஒரு புள்ளி போனால் முழு மாட்யூலும் மாத்தணும், அதுவும் அதே கம்பெனி, அதே அளவு கிடைக்கணும்.

நான் செய்வது என்றால் ஹாலில் ஒரு இடத்தில் அழகுக்கு டச், மற்ற எல்லா இடத்திலும் சாதா ஸ்விட்ச். எல்லாப் பெட்டிக்கும் இப்போதே நியூட்ரல் இழுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள், பூச்சு வேலை முடிந்த பிறகு சுவரை உடைக்க மனசு வராது. குளியலறை வாசலில் மட்டும் டச் வேண்டவே வேண்டாம்.